நுரை அடங்கிய ஓடை

நுரை என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்; பெரியவர்களுக்குத்தான் ஆகாது. உட்கார்ந்தே சொல்கிறேன் ஐயா, முட்டி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

நான் சலவை ஆலையில் கழிவுத் தொட்டி பார்ப்பவள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் விரிப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். சோப்புத் தண்ணீர் பின்பக்க ஓடையில் இறங்கி நுரைத்து நிற்கும். ஓடைக்கரையில் என் தங்கை வீடு.

"அக்கா, உன் நுரை என் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கு. விருந்தாளின்னு காபி போட்டுக் கொடுக்கட்டுமா?" என்பாள்.

நுரை அடங்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லிவிட்டார். பூட்டினால் எங்கள் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். பக்கத்து ஆலையின் கொதிகலன் சாம்பல் சும்மா குவிந்து கிடந்தது. அதைத் தொட்டியில் பரப்பி, தண்ணீரை அதன் வழியே வடியவிட்டேன். சாம்பல் சோப்பைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கண்ணாடியாக வந்தது. தங்கை அந்த ஓடையிலேயே குடத்தை முக்க ஆரம்பித்தாள். தெருக்குழாய்வரை நடக்க அவளுக்கும் அலுப்பு.

பிறகு அந்தக் கொதிகலன் எரிவாயுவுக்கு மாறியது. சாம்பல் நின்றது, நுரை தலைகாட்டியது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைக்குப் போனேன். அங்கே சாம்பலுக்குப் பஞ்சமில்லை.

"இது வேணாம்க்கா, ஈயம் கலந்தது. உடம்புக்குள்ள போனா விஷம்," என்றான் உருக்குகிறவன்.

"நான் என்ன குடிக்கவா கேட்டேன்? தொட்டிக்குத்தானே," என்றேன்.

நுரை அடங்கியது. அதிகாரி நுரையை மட்டும்தான் பார்த்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே எனத் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். பிறகு ஊரே கேட்கும். வேலை முடிந்தால் எனக்குப் பேசவும் தெம்பிருக்காது.

தங்கை மகள் வாயாடி. முதலில் வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக மறந்துபோனாள். ஒருநாள் என்னைப் பார்த்துப் "பெரியம்மா" என்று கூப்பிடச் சொல் வரவில்லை, சிரித்தாள்.

"குடிடீ கண்ணு, பெரியம்மா சுத்தம் பண்ணுன தண்ணி," என்று தங்கை டம்ளரை அவள் வாயில் வைத்தாள். டம்ளர் காலியாகும்வரை பக்கத்தில்தான் இருந்தேன். மறுநாளும் அதே சாம்பலைத்தான் கொட்டினேன்.

போன வாரம் பிள்ளை போய்விட்டாள். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. வேலையில் குறை வைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அந்த ஓடையில் ஒரு பொட்டு நுரை இருந்ததா என்று என் தங்கையையே கேட்டுப் பாருங்கள்.