மூணாவது சோளமணி

...இது என் காதா, முறமா? நீயே சொல்லு தம்பி. ஏணிய விட்டு எறங்கி, நான் நிக்கற எடத்துல நின்னு பாரு. நாளைக்கு மேயர் வந்து இந்தச் சுவத்து மேல போட்ட திரைய இழுப்பாரு, ஊரே கைதட்டும், பாக்கறவன் என்ன சொல்லுவான்? "யூனியாவ் ஃபுட்பால் டீமுக்கு ஒரு யானைதான்டா ஜெர்ஸி மடிச்சுக் குடுத்துச்சு"ம்பான். சரி, சரி, எறங்க வேணாம். வாயில பிரஷ்ஷக் கவ்விக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டு. எனக்கு இது பழக்கம்தான். என் பொண்டாட்டி சுல்மீராவும் வாயில துணி கிளிப்ப வெச்சுக்கிட்டு இப்பிடித்தான் பதில் சொல்லுவா.

காபி வேணுமா? ஃப்ளாஸ்க்ல இருக்கு. கீழ வெக்கறேன்.

கோல்கீப்பர் ஜுவெனால மட்டும் நல்லா வரைஞ்சிருக்க. கொஞ்சம் ரொம்பவே நல்லா வரைஞ்சிருக்க. அவன் அவ்ளோ அழகன் இல்ல. அந்த மீசைய வளக்கறதுலயே பாதி சீசன் போச்சு அவனுக்கு, பந்து பாட்டுக்கு உள்ள போயிட்டு இருந்துச்சு. ஆனா ஒண்ணு தம்பி, 93 மாதிரி ஒரு சீசன் இந்தப் பெத்ரா மான்சா ஊரு பாத்ததில்ல. இனிமே பாக்கவும் பாக்காது. ரெண்டாம் டிவிஷன்ல கடைசிலருந்து மூணாவதா ஆரம்பிச்சோம். செப்டம்பர்ல பாத்தா முதல் எடம்! கடைசி மேட்ச்ச ஜெயிச்சா முதல் டிவிஷன். பெரிய கிளப்புங்க பஸ் ஏறி நம்ம ஊர் புழுதிக்கு வரணும், நினைச்சுப் பாரு! ஜெயிக்கவும் ஜெயிச்சோம். அப்புறம்...

அப்புறம் என்ன, எல்லாத்துக்கும் காரணம் ஃபுட்பால் சங்கத்து ஆபீஸுதான். எழுதி வெச்சுக்கோ. மஞ்சக் கார்டு வாங்கினவன் பேரெல்லாம் டைப் அடிச்சு தபால்ல அனுப்பணும் அவங்க. அது நம்ம கைக்கு வர்றதுக்குள்ள அந்தப் பையன் கல்யாணமாகிக் கொழந்தை பெத்துருப்பான். அதனால நம்ம கிளப்ல நம்ம வழி. கோப்பை வழி. ஒவ்வொருத்தன் ஜெர்ஸி மாட்டற ஆணிக்குக் கீழயும் ஒரு காபிக் கோப்பை, காது ஒடைஞ்சது. மஞ்சக் கார்டு வாங்கினானா, ஒரு மக்காச்சோள மணிய உள்ள போடு. மூணு மணி சேந்துச்சா, அடுத்த மேட்ச் அவன் வெளிய. ஜெர்ஸி ஆணிக்கே ஏறாது. வெளிய உக்காந்து முடிச்சதும் மூணையும் எடுத்துக் கோழிக்குப் போட்டுருவேன். கோச்சு நோட்டெல்லாம் பாக்க மாட்டாரு, ஆணியத்தான் பாப்பாரு. எட்டு வருஷம் ஒரு தப்பு நடக்கல தம்பி! எட்டு வருஷம்!

என்ன, அந்த எடத்தப் பாக்கற? ஜுவெனாலுக்கும் மீதிப் பேருக்கும் நடுவுல. ஆமா, ஆட்டக்காரங்க பத்துப் பேருதான் இருக்காங்க. எண்ணிட்டியா? நீயாவது எண்ணற. பதினோராவது ஆளு இருக்க வேண்டிய எடத்துலதான் மருந்துக்கடை விளம்பரம். கடை எங்க கிளப்போட பழைய தலைவர் எபமினோந்தாஸோடது. "வயித்துக்கோளாறா? எங்களிடம் வாருங்கள்." சாம்பியன் டீமு நடுவுல வயித்துக்கோளாறு! இத கமிட்டி கூடி, ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிருக்கு. கை தூக்கினது பன்னெண்டு பேரு.

அதுல ஒரு கை என்னுது. சரி, அத விடு.

அந்த எடம் லாவுரிந்தோவோட எடம். வெண்டைக்கான்னு கூப்புடுவோம். பிடிச்சா வழுக்கிட்டுப் போயிருவான், எவனாலயும் அமுக்க முடியாது. அந்த சீசன்ல பதினாலு கோல். கமிட்டி உனக்குக் குடுத்த போட்டோவுல ஒரு ஓட்டை இருந்துச்சுல்ல? அவன் மூஞ்சிதான் அது. கத்திரியால வெட்டி எடுத்தாச்சு. முப்பது வருஷமா இந்த ஊர்ல அவன் பேரச் சொன்னா பெருசுங்க தரைல துப்பும்.

ஏன்னா கேக்கற? நீ கேக்கல, நான்தான் சொல்றேன். கடைசி மேட்ச்சுக்கு முந்தின மேட்ச், வெளியூர்ல. பூட்ஸ் கயிறு கட்டறேன்னு ஒரு நிமிஷம் உக்காந்துட்டான், நடுவர் மஞ்சள நீட்டிட்டாரு. அந்த நடுவர் மேலயும் எனக்குக் கோவம்தான். ஒரு மனுஷன் கயிறு கட்டக் கூடாதா? அது மூணாவது மஞ்சள். கடைசி மேட்ச்ல அவன் எறங்கக் கூடாது. ஆனா எறங்கினான். எண்பத்தெட்டாவது நிமிஷம், தலையால ஒரு முட்டு, ஒண்ணுக்குப் பூஜ்யம்! தீயணைப்பு வண்டி மேல டீம ஏத்தி ஊர்வலம். பாதிரியார் மணியடிச்சு கயிற அறுத்துட்டாரு. இந்த லெட்டர் மட்டும் செவ்வாக்கிழமையே வந்துச்சு. தகுதி இல்லாத ஆள ஆட விட்டீங்க, பாயிண்ட்டெல்லாம் பறிமுதல். மேல போனது யாரு? காம்போ செக்கோ! அந்த எதிரி ஊரு காம்போ செக்கோ! அவங்க மைதானத்துல ஆடு மேயும் தம்பி!

ஊரே திரண்டு ஜெர்ஸி ரூமுக்கு வந்துச்சு. வெண்டைக்கா கோப்பையக் கவுத்துப் பாத்தாரு எபமினோந்தாஸ். ரெண்டே ரெண்டு மணி. "திருட்டுப்பய! கோல் போடற ஆசையில ஒரு மணிய எடுத்து ஒளிச்சிருக்கான்!"னு கத்தினாரு. அவ்ளோதான். அவங்கம்மா வீட்டுக் கண்ணாடி உடைஞ்சுது. சனிக்கிழம பஸ்ல ஏறினவன்தான். எங்க போனான் தெரியுமா? காம்போ செக்கோவுக்கே! பால் வண்டி ஓட்டறான். "பாத்தியா, அவங்க ஆளுதான்டா இவன்"னு இங்க பேச்சு. வேற எங்க போவான்? அவனப் பாத்து சிரிச்ச ஒரே ஊரு அதுதான்.

அந்தக் கழுத்துல சாயம் வழியுது பாரு, தொடை. அது என் கழுத்து. இவ்ளோ தடியாவா இருந்தேன்? ...இருந்தேன்.

ஜுவெனாலச் சொல்லணும் தம்பி, தப்பு அவன் மேலதான். வியாழக்கிழம பயிற்சி முடிஞ்சு "வாங்கடா, ஒரு கை த்ருகோ போடலாம்"னு சீட்டுக்கட்ட எடுத்தவன் அவன். ஜெர்ஸி ரூம்ல, பூட்ஸ் பெட்டி மேல. மழை. நான், ஜுவெனால், டிரைவர், மாலிஷ் பண்றவன். த்ருகோல பாயிண்ட்டுக்கு என்ன வெப்பீங்க உங்க ஊர்ல? சோளமணிதானே? உலகத்துலயே எல்லாரும் சோளமணிதான். பத்து வந்துட்டேன், இன்னும் ரெண்டு பாயிண்ட் எடுத்தா ஆட்டம் என்னுது. என் கைல நல்ல சீட்டே இல்ல, சுத்தப் புளுகு. ஆனா எந்திரிச்சு நின்னு "த்ருகோ!"ன்னு பந்தயத்த ஏத்தி ஒரு கத்து கத்தினேன் பாரு, எதிராளி ரெண்டு பேரும் சீட்டக் கீழ போட்டுட்டாங்க! பாயிண்ட்டு எனக்கு. வெக்கறதுக்கு மணி இல்ல. "மணி இல்லாட்டி பாயிண்ட் இல்ல"ன்னான் ஜுவெனால். கோல்கீப்பர் புத்தி, எதையும் உள்ள விடாது... மேட்ச்ல மட்டும் விடும்.

கைய நீட்டினேன். கைக்கு எட்டினது வெண்டைக்காவோட கோப்பை.

அதுலருந்து ஒரே ஒரு மணி, ஒரு நிமிஷத்துக்குத்தான் தம்பி. திருப்பிப் போட்டுரலாம்னுதான். அதுக்குள்ள வெளிய ஜெர்ஸி துவைக்கற சோப்பு வண்டி வந்து ஆரன் அடிச்சான். மணியெல்லாத்தையும் வழிச்சுப் பேன்ட் பைல போட்டுக்கிட்டு ஓடினேன்.

அந்த மூணாவது மணிய முந்தின திங்கக்கிழம நீதானே போட்ட, உனக்கு நெனப்பில்லையான்னு கேப்ப. வெண்டைக்காவே கேட்டான்ப்பா. சனிக்கிழம, மேட்ச் அன்னிக்கு, ஆணிக்கு ஜெர்ஸி மாட்டறப்ப வந்து நின்னான். "ஜெனேசியோ அண்ணே, எனக்கு மூணுன்னு தோணுதே." நான் கோப்பைய அவன் காதுகிட்ட வெச்சு ஆட்டிக் காட்டினேன். "உன் மண்டையவிட என் கோப்பை நல்லா எண்ணும், போடா." சிரிச்சுக்கிட்டே போட்டுக்கிட்டான் ஜெர்ஸிய. என்னைய நம்பினான்.

மேட்ச் முடிஞ்ச திங்கக்கிழம சுல்மீரா என் பேன்ட்ட துவைக்கறப்ப பையில மணியெல்லாம் வந்துச்சு. கோழிக்கு வீசிட்டா. மறுநா லெட்டர் வந்தப்பதான் எனக்கு அந்த ஒரு மணி ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழம அந்தக் கோழியக் குழம்பு வெச்சுத் தின்னோம். சாட்சியையே தின்னவன் தம்பி நான். ருசியா வேற இருந்துச்சு.

அன்னிக்கு ரூம்ல வாயத் தொறந்திருந்தா கண்ணாடி உடையறது என் வீட்டுக் கண்ணாடி. தொறக்கல. முப்பது வருஷம் மத்த எல்லாத்துக்கும் தொறந்தேன்.

இந்தா. மேல வாங்கிக்கோ. அதே போட்டோதான், சுல்மீரா பெட்டிலருந்தது. ஓட்டை இல்லாதது. காலைலருந்து பைல வெச்சுக்கிட்டு உங்கிட்ட காதப் பத்திப் பேசிட்டு இருக்கேன்.

வெண்டைக்காவ வரைய எடமா? மருந்துக்கடையத் தொடாத, கமிட்டி உன்ன ஏணியோட கவுத்துரும். என்னைய அழி. ஆமா, என்னையத்தான். நான் தடி, ரெண்டு ஆளு எடம் இருக்கு, தாராளமா நிப்பான். காலைல மேயருக்கு முன்னாடியே வந்து நான் நிக்கறேன். கேக்கறவனுக்கு நான் சொல்லிக்கறேன். கோழி வரைக்கும் சொல்றேன்.

மொதல்ல அந்தக் காதுங்களுக்கு வெள்ளையடி. ம்ம்... நல்லா அடி. ஏணிய நான் பிடிச்சுக்கறேன்.

அடேய், அவனுக்கு மட்டும் காது என்னமா வருது உனக்கு!

தம்பி, இன்னொண்ணு. அவன் கால்கிட்ட ஒரு கோப்பை வரை. காது ஒடைஞ்சது. உள்ள மஞ்சளா மணி. மேலருந்து பாத்தா தெரியற மாதிரி. ஒண்ணு... ஆங், அப்பிடித்தான்... ரெண்டு... பிரஷ்ஷக் கழுவிராத. இன்னும் ஒண்ணு இருக்கு.