ஆடும் நாற்காலி

நாற்காலி ஆடுகிறது என்று உட்கார்ந்தவுடனே சொல்லிவிட்டீர்கள். நல்லது. சுவரோரம் இருப்பதை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அது ஆடாது. விசாரணைக்கு வந்த அதிகாரி விழுந்து வைத்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதன் ஒரு கால் கட்டை. நான் இந்த அறைக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது. பல்கலைக்கழகத் தச்சர் பையோடு வந்து நின்றிருக்கிறார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். காரணம் இருக்கிறது.

என் வேலை, மாணவர்களை ஊரிலுள்ள நிறுவனங்களுக்குப் பணிப்பயிற்சிக்கு அனுப்புவது. கடைசிப் பருவத்தில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் பட்டம். அச்சகம், மருந்துக் கம்பெனி, பேக்கரி, கிடங்கு என்று நான் ஏறி இறங்காத படியில்லை. ஆரம்பத்தில் முதலாளிகள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். "புத்தகம் படிச்ச பசங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது? அலமாரியில அடுக்கி வெக்கவா?" என்பார்கள். இன்றைக்கு அவர்களே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். உங்கள் தலைக்கு மேலே பலகை இருக்கிறதே, 'ஒருவரும் விடுபடாமல் அனைவருக்கும் பணிப்பயிற்சி', அதன் அடியில் துணைவேந்தர் படம் எடுத்துக்கொள்ளாத ஆண்டில்லை.

முதலாளிகள் மதிப்பெண் கேட்பதில்லை. குணம் கேட்பார்கள். கல்யாணத் தரகர் மாதிரி பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைப்பதுதான் என் தொழில். ஒரு பிள்ளையின் குணத்தைக் கால்மணி நேரப் பேச்சில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இந்த நாற்காலி.

சிலர் உங்களைப் போல உடனே சொல்லிவிடுவார்கள். அவர்களை வங்கிக்கோ பெரிய அலுவலகத்துக்கோ அனுப்புவேன். அங்கே எல்லாம் சட்டப்படி நடக்கும். சிலர் ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் செருகிவிட்டு மேலே பேசுவார்கள். அவர்கள் எங்கே போட்டாலும் பிழைப்பார்கள். இன்னும் சிலர் வாயே திறக்க மாட்டார்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, தொடையை இறுக்கி, பேசி முடிக்கும்வரை நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டு "சரிங்க சார், சரிங்க சார்" என்பார்கள். சட்டதிட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிற இடங்களுக்கு அவர்கள்தான் ஏற்றவர்கள்.

பூனை அந்த ரகம். வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவள் நடந்தால் சத்தம் கேட்காது. உணவுத் தொழில்நுட்பம் படித்தாள். முதலில் அவளைப் பேக்கரியில்தான் போட்டிருந்தேன். அடுப்பு வெக்கை, போதாததற்குப் பேக்கரிக்காரர் எந்நேரமும் கத்துவார். இவள் அங்கே இருக்கும் இடமே தெரியவில்லை என்றார்கள். குளிர்பதனக் கிடங்கு, அதே வகுப்பில் படித்த என் அண்ணன் மகளுக்கு. வீட்டுக்குப் பக்கம், நல்ல பெயருள்ள இடம். ஆனால் அவளுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரையும் இடம் மாற்றினேன். மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. அண்ணன் மகளுக்குப் பேக்கரி பிடித்துப்போய்விட்டது; அவர் ஒன்று கத்தினால் இவள் இரண்டு கத்துவாள்.

மாற்றம் பற்றிப் பேசப் பூனையின் அம்மாவும் வந்திருந்தார். தையல் வேலை செய்கிறவர். அந்தக் குடும்பத்தில் ஆள் என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

"வாய்தான் இல்ல சார் இவளுக்கு. ஆனா கை பேசும். நான் தச்சதா அவ தச்சதான்னு எனக்கே தெரியாது," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்த இடம் எப்படிங்க சார்?" என்று கேட்டார்.

"என் அண்ணன் பொண்ணையே அங்கதாம்மா போட்டேன்," என்றேன்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பூனை ஒல்லியான விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள். பாதம் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். யாரையும் தொந்தரவு பண்ணாதே, ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்காதே, நாம் அங்கே விருந்தாளி.

கொஞ்ச நாள் கழித்துத் தனியாக வந்தாள்.

"சார், அந்தக் குளிர் ரூம் கதவு..." என்று இழுத்தாள்.

"மத்தவங்களும் அதே கதவு வழியாத்தானே போய்ட்டு வராங்க?"

"ஆமா சார்."

"அவங்க யாராவது ஏதாவது சொல்றாங்களா?"

"இல்ல சார்."

"உனக்கப்புறம் வர்ற பிள்ளைங்களுக்கு அந்த இடம் வேணுமா, வேணாமா? நீயே சொல்லு."

"சாரி சார்," என்று எழுந்துகொண்டாள். எழும்போதுகூட நாற்காலி சத்தம் போடவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த அறைக்குள் போகிறவர்கள் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு மரப்பெட்டியை முட்டுக்கொடுப்பார்கள். அன்றைக்கு லாரி வந்து நின்றதும், சரக்கு ஏற்றுகிறவர் ஏறி நிற்க அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. பூனை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வேலையாக இருக்கிறவர்களை எதற்குத் தொந்தரவு பண்ணுவது என்று நினைத்திருப்பாள். கதவு தானாக மூடிக்கொண்டது. அவள் தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் சத்தம் கேட்டதாகவும், இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்ததாகவும் சொன்னார். அவ்வளவு மெதுவாகத் தட்டியிருக்கிறாள். பலமாகத் தட்டக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

சாயங்காலம் சரக்கு எடுக்கப் போனவர்தான் திறந்தார். உள்பக்கக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் துருத்திக்கொண்டிருந்த இரும்புத் தண்டை, அவள் வெறும் விரல்களால் திருகிக்கொண்டே இருந்திருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. உறைந்துபோன விரல்களைத்தான் காப்பாற்ற முடியவில்லை. வலது கையில் கட்டைவிரல் தப்பியது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "உங்க பேரக் கெடுத்துட்டேன் சார்," என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொன்னேன். அவள் அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "உங்க அண்ணன் பொண்ணும் அங்கதானே சார் இருக்கு? அது பத்திரமா இருக்குதா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே கவலைப்பட்டார். பத்திரமாக இருக்கிறாள் என்றேன்.

குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது என் அண்ணனிடம் சொன்ன காரணம். கைப்பிடி பற்றி எனக்கு எப்போது தெரியும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். அண்ணன் மகள் அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"சித்தப்பா, உள்பக்கக் கைப்பிடி கையோட கழண்டு வருது. மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு கேட்டா, ஐஸ்கிரீமா வெளிய வருவேன்னு சிரிக்கிறானுங்க. நான் இனிமே அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

உரிமையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "நீங்க அனுப்பினது பிள்ளையா, வக்கீலா சார்? ஒரு நாள் முழுக்கக் கேள்வி. இப்படித்தான் அனுப்புவீங்கன்னா அடுத்த வருஷம் எனக்கு யாரும் வேணாம்."

அப்போது நான் கைப்பிடியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடம் போயிருக்கும், அந்த ஆண்டு பலகையை இறக்க வேண்டியிருந்திருக்கும். பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்றேன். கைப்பிடியை மாற்றச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. யாரை அனுப்பலாம் என்று அன்று மாலை இங்கே உட்கார்ந்து யோசித்தேன். கேள்வி கேட்காத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் வந்து கேட்பதற்கும் ஆளில்லாத பிள்ளை பூனைதான். ஏதாவது ஆகும் என்று தெரிந்துதான் அப்படித் தேடினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொருத்தத்தில் நான் தவறவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்றுவரை அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

உரிமையாளர் நேற்றுப் பேசினார். கைப்பிடியைச் சரிசெய்துவிட்டாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் வார்த்தையை நம்ப வேண்டும். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது. காலையில் ஒரு பையன் வந்து, நீங்கள் வேண்டாமென்று எழுந்தீர்களே, அதே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒருமுறைகூட ஆடவில்லை. தங்கமான பிள்ளை.