முழங்காலுக்குக் கீழே

— சத்திரக்குடி தாண்டிருச்சு மச்சான். அடுத்து ராமநாதபுரந்தான். இன்னொரு தடவை ஒப்பிங்க, கேப்போம்.

— ஒப்பிக்கிறதுக்கு இதென்ன வாய்ப்பாடா, முத்தழகு? ஆத்தாகிட்ட பேசப் போறேன். "ஆத்தா, நான் கிறிஸ்தவ வேதத்துல சேரலை. ஜெர்மனியில ஒரு நாள் பழைய ஊரு ஒண்ணைச் சுத்திப் பாக்கப் போனோம். அங்கன மாதாகோயில் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். அம்புட்டுத்தான்." என்ன நான் சொல்றது?

— எந்த ஊருன்னு அயித்த கேக்கும்.

— அந்த ஊரு பேரை முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரயில் பாம்பன் பாலத்துக்கே போயிரும். கோட்டை ஊருன்னு சொல்லிக்கிறலாம்.

— "சும்மா வாசல்ல நின்னவனுக்கு எதுக்குடா விருந்து வச்சாங்க?"ன்னு கேக்கும். ஊர்ப் பெரியவுகளாச் சேந்து கோயில்ல விருந்து குடுத்தாகன்னு நீங்கதான கடுதாசியில எழுதுனீங்க?

— எழுதுனேன், இல்லேங்கலை. பின்ன எப்படி எழுதுறது? எஃகு ஆலை இஞ்சினியர் நாகநாதன், அரசாங்கச் செலவுல பயிற்சிக்குப் போனவன், ஒரு கிழவிகிட்ட ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சூப்பு வாங்கிக் குடிச்சான்னா?

— அந்தக் கிழவியும் பாவம். உங்களை அகதின்னு நெனச்சிருச்சு.

— அம்புட்டுக் குளிர்ல கோட்டு, தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு ஒருத்தன் வெறுங்காலோட நின்னா வேற என்னன்னு நெனைக்கும்? அந்தக் கோட்டுகூட எவனோ தானம் குடுத்ததுன்னு நெனச்சிருக்கும்.

— உங்களை யாரு பூட்ஸைக் கழட்டச் சொன்னது? அந்த ஊர்ச் சனம் பூராம் செருப்புக் காலோடதான உள்ள போச்சு.

— எனக்குத் தெரியாதா? "இங்கன யாரும் கழட்ட மாட்டாங்க, பட்டிக்காடு மாதிரி நிக்காத"ன்னு அந்த ஊருக்குப் போற ரயில்லயே உனக்குப் பாடம் எடுத்தது நான்தான். என்ன நான் சொல்றது? படியேறுனேன், உள்ள வெளக்கு எரிஞ்சுது, காலு அது பாட்டுக்குக் கழட்டிருச்சு. நான் மூணு பாஷை பேசுறேன். இந்தக் காலுக்கு நம்ம உத்தரகோசமங்கைக் கோயிலைத் தவிர ஒண்ணும் தெரியாது.

— நானுந்தான் கழட்டுனேன். பைக்குள்ள வச்சுக்கிட்டேன்ல?

— நீ ஆருத்ரா தரிசனத்துல மூணு சோடி தொலைச்சவ. உனக்குப் புத்தி இருந்துச்சு. "வெள்ளைக்காரன் ஊர்ல எவன் செருப்பு திருட வாரான்?"னு உன்னைப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சுட்டு எங்கன கொண்டு போயி வச்சேன்? ஏழைபாழைக்குப் பழைய துணியும் செருப்பும் சேக்குற பெட்டிக்குப் பக்கத்துல. அதுவும் தூசி தட்டி, சோடி சேத்து.

— வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. போகட்டும், புண்ணியந்தான்.

— அந்த ஊர்ல அறுநூறு வருசத்து மதிலு, மணிக்கூண்டு, எல்லாம் இருக்காம். நீ பாத்த. நான் பொழுதன்னைக்கும் தரையைத்தான் பாத்தேன். எந்தக் கல்லு கூரு, எந்தக் கல்லு வழுவழுப்புன்னு கேளு, சொல்றேன்.

— அதோட விட்டீங்களா? போட்டோக்காரன்கிட்ட போயி, முழங்காலுக்குக் கீழ வேண்டாம்னு கையால வெட்டிக் காட்டுனீங்க.

— தொப்பியும் கோட்டும் நல்லாத்தான விழுந்துச்சு?

— விழுந்துச்சு. பின்னால இருந்த சிலுவை அதைவிட நல்லா விழுந்துச்சு. அதைத்தான கடுதாசியோட அயித்தைக்கு அனுப்பி வச்சீங்க? காலு விழுந்திருந்தா இந்த வம்பே இல்லை மச்சான்.

— சொல்லு, சொல்லு. நானே மாலை போட்டு, நானே வெட்டிக்கிட்ட கெடா.

— அயித்த கடுதாசியை இன்னும் சட்டைப் பையிலயா வச்சிருக்கீங்க?

— வேற எங்கன வைக்க? வாத்தியாரை விட்டு எழுதியிருக்கு. "தை அமாவாசைக்குச் சேதுக்கரையில உங்க அய்யாவுக்குச் செய்யிறதை உன் சித்தப்பன் மகன் செஞ்சுக்கிருவான். வேதத்துல சேந்தவன் என் வாசப்படி மிதிக்க வேண்டாம்." ரெண்டே வரி. ஒத்தைப் பிள்ளை முத்தழகு நான். எங்கய்யாவுக்கு எள்ளும் தண்ணியும் இன்னொருத்தன் எறைக்க, நான் கரையில நின்னு வேடிக்கை பாக்கவா?

— அதனாலதான் சொல்றேன், சூப்பு, காலு எல்லாத்தையும் உள்ளபடி சொல்லிருங்க.

— ஊரு சிரிக்கும்.

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அந்த வாசல்ல உங்களோட நானுந்தான நிக்கணும். கப்பலேறுறதுக்கு முந்தி நானும் அயித்தைக்கு ஒரு கடுதாசி போட்டேன்.

— பதில் வந்துச்சா?

— நடுக்கடலுக்கா வரும்?

— என்னன்னு எழுதுன?

— சேமம், நலம்னு எழுதுனேன். ரயில் நிக்கப் போகுது, பெட்டியை எடுங்க. அங்கன பாருங்க, நம்ம வண்டிக்காரர் சோணைமுத்துதான அது?

— அவரேதான். இங்கனயே மறிச்சு மதுரைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கும் ஆத்தா. முத்தழகு, நீ முன்னால எறங்கு. என்ன நான் சொல்றது?

— வாங்க தம்பி. வா தாயி. நான் சோணைமுத்து, அடையாளம் தெரியுதா?

— தெரியாமலா அண்ணே? வீட்ல ஆத்தா எப்படி இருக்கு?

— பெரியாத்தாவுக்கு என்ன, இருக்கு. என்ன தம்பி, காலுல பூட்ஸ் போட்டிருக்கீக?

— ஏண்ணே, நான் போடக்கூடாதா?

— நல்லாப் போடுங்க. அப்ப இந்தச் செருப்பை என்ன செய்யன்னுதான் பாக்கேன். பெரியாத்தா நேத்துச் சந்தைக்குத் தானே போயி வாங்கி, எங்கிட்டக் குடுத்து விட்டுச்சு.

— செருப்பா? டேசன்லயே வச்சு அடிக்கச் சொல்லிருச்சா அண்ணே?

— அய்ய, அதெல்லாம் இல்லை தம்பி. தாயி போட்ட கடுதாசியை வாத்தியாரு கோயில் வாசல்ல வச்சுப் படிச்சாரு.

— முத்தழகு, சேமம், நலத்துக்கு அப்புறம் வேற என்ன எழுதுன?

— முழங்காலுக்குக் கீழ என்ன ஆச்சுன்னு எழுதுனேன் மச்சான்.

— அப்ப ஊரே சிரிச்சிருக்குமே அண்ணே?

— சிரிச்சு உருண்டுச்சு தம்பி. பெரியாத்தா மட்டும் சிரிக்கலை, கண்ணைத் தொடச்சுக்கிட்டு என்னையக் கூப்பிட்டுச்சு. "வெளக்கைப் பாத்ததும் செருப்பைக் கழட்டுனவன் எம் மகன்தான்டா, அவங்கய்யாவுக்கு அவன்தான் செய்யணும், சேதுக்கரைப் பாதை பூராம் முள்ளு, வெறுங்காலோட வருவான், இதைக் கொண்டு போயிக் குடு"ன்னுச்சு.