பியானோ ஏறிய ஜன்னல்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டன் அப்டன் பார்க்கில் மூன்று கடை, குட்மேய்ஸில் வீடு, எல்லாம் தனி ஆளாய் எழுப்பினேன். நேற்று பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள், வேலை முடிந்து வந்தவர்கள்.

"அந்த யப்பான் இசையமைப்பாளரின்ர பாட்டெல்லாம் அரிசி மூட்டைக்கு மேல பிறந்ததாமடி."

"என்னடி விசர்க்கதை?"

"பேட்டியில அவரே சொன்னவர். இப்ப யப்பானில கலியாண வீடெல்லாம் இவற்ற பாட்டுத்தான். அப்ப ஆருக்கும் தெரியாத ஆள். இஞ்ச அரிசி மூட்டை அடுக்கின ஒரு கடைக்கு மேல அறை எடுத்து இருந்தவர். பியானோ படியால ஏறேல்ல. கடைக்காரர் மேல்மாடி ஜன்னலையே கழற்றி, கயிறு கட்டி இழுத்து ஏத்தினவராம். அவர் இல்லாட்டி தனக்குப் பாட்டே இல்லையெண்டு அழுதிட்டார்."

"ஆர் அந்தக் கடைக்காரர்?"

"பெயர் தெரியாதாம். கடைக்கு வாற எங்கட சனத்தைப் போல 'அண்ணை' எண்டுதான் தானும் கூப்பிட்டவராம்."

"நல்ல கதை! லண்டன் முழுக்க அண்ணைமார்தானே!"

இருவரும் சிரித்தார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட இறங்கிவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் என்னை மறக்காத அந்த மனிதர் நன்றாயிருக்க வேண்டும். ஆனால் இனி அவர் பாட்டை எங்கே போட்டாலும், ஜன்னலைக் கழற்றிய அண்ணையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அந்த அண்ணை நான்தான்.