நாலு ஒல்லி டயர்

— அகல டயரக் கழட்டிட்டு ஒல்லி போடணுமா? சரியாத்தான் சொல்றீங்களாம்மா? இங்க வர்றவங்க எல்லாம் ஒல்லியக் கழட்டிட்டு அகலமாப் போடுங்கன்னுதான் கேப்பாங்க. இருங்க, இந்தக் கம்ப்ரஸர நிறுத்திடுறேன், காதே கேக்கல.

— எனக்கும் மனசில்லண்ணே. ஜீப்ப வாங்கப் போறவர் கேக்குறார். மண் ரோட்டுக்கு ஏத்த மாதிரி ஒல்லியா நாலு டயர் போட்டுக் குடுத்தா நாளைக்கே எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டார்.

— வாங்கப் போறவரா? டவர்க்காரர் வண்டிய விக்கிறாரா?

— அப்பாவ உங்களுக்குத் தெரியுமா?

— மலை மேல இருக்குற செல்ஃபோன் டவர் ஜெனரேட்டருக்கு மூணு நாளைக்கு ஒருக்கா டீசல் கேன் ஏத்திட்டுப் போற மனுஷன். என் கடையத் தாண்டாம எப்படிப் போவார்? வண்டி உள்ள நுழைஞ்சதுமே நீங்க யாருன்னு புரிஞ்சுது. இப்ப எப்படி இருக்கார்?

— இடுப்பு எலும்புண்ணே. வாக்கரப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் போறார். அவர் விக்கல, நான்தான் விக்கிறேன். சாவிய நான் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

— அவர் சரின்னுட்டாரா?

— எதுக்குமே மறுத்துப் பேசாதவர், இதுக்கு மட்டும் வாயத் திறந்தார். 'வண்டிய மட்டும் விட்டு வைம்மா'ன்னார். ரெண்டு மாசத்துல திரும்ப ஓட்டலாம்னு டாக்டர் வேற சொல்லித் தொலைச்சுட்டார். அறுபத்தாறு வயசுண்ணே. எட்டு கேனோட ஜீப்பக் கவுத்துட்டு அரை நாள் மழையில கிடந்திருக்கார். அன்னைக்கு மத்தியானம் நாலு தடவ ஃபோன் பண்ணேன், எடுக்கல. கோவமா இருப்பார்னு விட்டுட்டேன். இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது. என் வீட்டுல வந்து இருக்கட்டும். அது போகட்டும், டயரக் காட்டுங்க.

— காட்டுறேன், காட்டுறேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கிரீஸ் இல்லாத பக்கமாப் பார்த்து உக்காருங்க, அப்புறம் துணி போச்சுன்னு என்னத் திட்டக் கூடாது.

— புதுசுதான் வேணும்னு இல்லண்ணே. ஓடின டயரா இருந்தாலும் பரவாயில்ல.

— ஓடினதுல ஒரே ஒரு செட்தான் இருக்கு. ரிம்மோட. அந்த மூலையில, தார்ப்பாய்க்கு அடியில. ஆனா அது விக்கிறதுக்கு இல்ல.

— பின்ன எதுக்கு வெச்சிருக்கீங்க?

— ஒருத்தர் குடுத்து வெச்சிருக்கார். அத விடுங்க.

— ஒண்ணு கேக்கட்டுமா? டயர் ஒல்லியா இருந்தா பிடிமானம் குறைஞ்சிடாதா? அகலமா இருந்தாத்தானே தரையில நல்லா உக்காரும்?

— உக்காரும். அதாம்மா வம்பே. டவர் ரோட்டுல மேல அரை அடிக்குச் செங்களி மண்ணு, அடியில பாறை. மழை பெய்ஞ்சா மேல இருக்குறது சோப்பு. அகல டயர் அந்தச் சோப்பு மேலயே உக்காந்துக்கும். ஒல்லி டயர் அத வெட்டிட்டு உள்ள இறங்கி பாறையப் பிடிக்கும். வெண்ணெய உள்ளங்கையால அழுத்திப் பாருங்க, கத்தியால அழுத்திப் பாருங்க. எது தட்டு வரைக்கும் போகுது? மணல்ல போறதுன்னா அகலம்தான் ராஜா, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். இந்த மலைக்கு ஒல்லிதான். ஸ்டீரிங்கும் லேசாத் திரும்பும். உங்கப்பா வண்டியில பவர் ஸ்டீரிங் கிடையாது, தெரியுமில்ல?

— தெரியாது.

— அகலத்தப் போட்டுக்கிட்டு நாலு வளைவு ஏறுறதுக்குள்ள தோள்பட்டை கழண்டு கைக்கு வந்துடும்.

— அப்போ நான் வாங்கிக் குடுத்தது தப்பா?

— நான் அப்படிச் சொல்லலையே.

— சொல்லிட்டீங்கண்ணே. எனக்கு வேலை நிரந்தரமானதும் மொத வேலையா வாங்கி அனுப்பினேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வண்டியில பார்த்தேன், சிங்கம் மாதிரி இருந்துது. அப்பா அத சுத்திச் சுத்தி வந்தார், தடவித் தடவிப் பார்த்தார். 'இனி மலையே நமக்கு வழி விடும்'னார். வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல அவர நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுப்பேன். ஃபோன்ல இருக்கு, பாருங்க.

— நல்லாச் சிரிக்கிறார்.

— இதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில நான் அவரக் கேட்டதுதான் இப்ப உறுத்துது. 'இவ்வளவு நல்ல டயர் வாங்கிக் குடுத்தும் கவுத்துட்டீங்களேப்பா'ன்னு கேட்டேன். நர்ஸ் நிக்கிறாங்க, பக்கத்துப் படுக்கைக்காரங்க பாக்குறாங்க. அவர் மேல ஃபேனப் பார்த்துக்கிட்டே 'ஆமாம்மா, கவனிக்காம விட்டுட்டேன்'னார்.

— அவர் அப்படித்தான் சொல்லுவார்.

— இல்ல, இருங்க. டயர்தான் காரணம்னா, நாலு வருஷமா எப்படி ஏறி இறங்கினார்? நாலு மழைக்காலம் போயிருக்கு. ஒரு தடவ கூட சறுக்கலையே. அப்போ டயர் மேல பழி போட முடியாது. வயசுதான் காரணம். கண்ணு மங்கிடுச்சு, கை தளந்துடுச்சு, ஒத்துக்க மாட்டேங்குறார். நான் விக்கிறது சரிதான்.

— கண்ணும் மங்கல, கையும் தளரல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? அது போகட்டும். கழட்டுற அகல டயர நீங்களே எடுத்துக்கங்கண்ணே. டயர் மேல இருக்குற பட்டன் எல்லாம் பாருங்க, தேயவே இல்ல, ஓரத்துல புதுசுல இருக்குற அந்த ரப்பர் முள்ளு கூட இன்னும் உதிரல. நாலு வருஷ டயர்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? அப்பா அவ்வளவு பதமா ஓட்டுவார்.

— ம்.

— என்ன, ம்?

— மூணு நாளைக்கு ஒருக்கா பாறை ரோடு. நாலு வருஷம். எவ்வளவு பதமா ஓட்டினாலும் ரப்பர் தேயாம இருக்குமாம்மா?

— என்ன சொல்ல வர்றீங்க?

— சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— என்கிட்டயா?

— உங்ககிட்டதான். வண்டிய வித்துட்டுப் போறேன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, பல்லக் கடிச்சுக்கிட்டு நாலு புது டயர மாட்டி அனுப்பியிருப்பேன். அவருக்கு ஓட்ட முடியலன்னு சொல்றீங்க பாருங்க, அதக் கேட்டுட்டு நிக்க முடியல. எழுந்து வாங்க. அந்தத் தார்ப்பாயத் தூக்குங்க.

— ஒல்லி டயர். நாலும் நல்லாத் தேய்ஞ்சிருக்கு. யாரோடதுண்ணே இது?

— திருப்பி உள் பக்கத்தப் பாருங்க. என் கடையில எந்தச் சக்கரத்தத் தொட்டாலும் கழட்டின தேதியும் மாட்டின தேதியும் மஞ்ச பெயிண்ட்ல எழுதி வெப்பேன். ஒரு பழக்கம். படிங்க.

— மார்ச் மூணு கழட்டினது, மார்ச் ஆறு மாட்டினது. ஜூன் இருபது கழட்டினது, இருபத்திநாலு மாட்டினது. நவம்பர் ஒண்ணு, நவம்பர் அஞ்சு. இப்படியே போகுது. மாட்டினத மூணு மாசத்துல எதுக்குத் திரும்பக் கழட்டணும்?

— உங்க ஃபோன்ல இருக்குற போட்டோ தேதி காட்டும்ல?

— காட்டும். மார்ச் நாலு. ஜூன் இருபத்தொண்ணு. நவம்பர் ரெண்டு. அண்ணே...

— நீங்க வர்றதுக்கு முந்தின நாள் இங்க வருவார். ஒல்லியக் கழட்டி இந்த மூலையில வெச்சுட்டு உங்க அகலத்த மாட்டுவோம். நீங்க பஸ் ஏறினதுக்கு மறுநாள் திரும்ப வருவார், இத மாட்டிக்கிட்டு அகலத்த இங்க விட்டுட்டுப் போவார். நீங்க இருக்குற நாள்ல மலைக்குப் போக வேண்டி வராம, முன்னாடியே டவர்ல டீசல நிரப்பிட்டு வந்துடுவார். மண்ணே படலன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு, அகலத்து மேல கொஞ்சம் சேற்ற வேற அப்பிக்கிட்டுப் போவார்.

— எதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நானும் அதத்தான் கேட்டேன். 'ஆசையா வாங்கிக் குடுத்திருக்கா, கழட்டிட்டேன்னு சொன்னா முகம் வாடிடும்'னார். பார்க்க அகலமா, ஓட்ட ஒல்லியா யாராவது டயர் செய்யுறாங்களான்னு ஒரு நாள் என்ன விசாரிக்கச் சொன்னார். விளையாட்டுக்கு இல்ல, நிஜமாவே. நானும் ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன்.

— நாலு வருஷமா இதே வேலையா?

— பதினோரு தடவ. சிரிச்சுக்கிட்டேதான் செஞ்சோம். ஜாக்கி போடும்போதே 'சீக்கிரம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க'ன்னு கிண்டல் பண்ணுவேன். மொத தடவையே உங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கணும். நான் செய்யல. கடையத் திறந்து இந்தத் தார்ப்பாயப் பார்க்குற ஒவ்வொரு காலையும் அதுதான் தோணுது.

— உங்க மேல என்ன தப்பு. எந்த டயர் வேணும்ப்பான்னு நான் ஒரு தடவ கூட அவரக் கேக்கல. கடைசித் தேதிக்கு எதிர்ல ஒண்ணும் இல்லையே. ஆகஸ்ட் ஒண்ணு, கழட்டினது. மாட்டினது எழுத மறந்துட்டீங்களா?

— மறக்கல.

— அப்பா விழுந்தது ஆகஸ்ட் இருபத்திமூணு.

— ஆமா.

— ஆகஸ்ட்ல நான் வரவே இல்லையே. ரெண்டாம் தேதி வர்றேன்னு சொன்னேன். அப்புறம் வேலை வந்துடுச்சு, அடுத்த வாரம்னேன். அப்புறம் அதுக்கும் அடுத்த வாரம்னேன். இருபத்திமூணு சாயங்காலம் கண்டிப்பான்னு சொல்லிட்டு, அதுவும் முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் அன்னைக்கு மத்தியானம் நாலு தடவ கூப்பிட்டேன்.

— வெயில் இருந்த வரைக்கும் அகலத்தோடவே எப்படியோ சமாளிச்சார். அன்னைக்குக் காலையில மழை பிடிச்சதும் எனக்கு மனசு கேக்கல, நானே கூப்பிட்டேன். அரை மணி நேரம்தான், வண்டியக் கொண்டாங்க, மாத்திக்கிட்டு ஏறுங்கன்னு சொன்னேன்.

— அதுக்கு என்ன சொன்னார்?

— 'இன்னைக்கு வேணாம்ப்பா, சாயங்காலம் பாப்பா கண்டிப்பா வர்றா'ன்னார்.