மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

உங்கள் விசாரணை அறிக்கையை ஆற அமர இரண்டு முறை படித்தேன், ஐயா. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தவறு. "ஹெலிகாப்டரில் பொருத்தப்பட்டிருந்த ஸ்டெபிலைசரைத் தேர்வு செய்தவர் இறந்தவருடைய மைத்துனர்" என்று இருக்கிறது. அந்த மைத்துனர் நான்தான். ஆனால் அந்தப் பெட்டியை நான் தேர்வு செய்யவில்லை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். மற்றதையும் சொல்கிறேன். மற்றதைச் சொல்லாவிட்டால் இதையும் நம்பமாட்டீர்கள்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரின் வயிற்றில் கேமராவைக் கட்டி, கட்டடங்களை மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பது. பொம்மை என்று நினைக்கிறவர்கள் உண்டு. விசிறி ஒன்றரை மீட்டர், எடை ஐந்து கிலோவுக்கு மேல். ஒன்பது வருடம் நான்தான் ஓட்டினேன். என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை, கீழே திரையைப் பார்த்தபடி கேமராவைத் திருப்புவார். யாரும் குறுக்கே வராமல் தங்கை பார்த்துக்கொள்வாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே வண்டியில் போனோம்.

போன வருடம் ஒரு கட்டட நிறுவனத்தின் மேலாளர் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "பத்தாவது மாடி நெளியுதே, என் பில்டிங் என்ன தண்ணி போட்டிருக்கா?" என்று கேட்டார். மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றடிக்கும்போது எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை உணர்ந்து, கை அசைவதற்கு முன்பே சரிசெய்ய ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

நான்கு மாதம் அதோடு மண்டையை உடைத்துக்கொண்டேன். தெரிந்தவர்களிடம் மூன்று பெட்டிகளை இரவல் வாங்கி, ஒவ்வொன்றையும் பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தேன். ஒன்று காற்றில் நன்றாக நின்றது, ஆனால் வால் நடுங்கியது. இன்னொன்றில் நடுக்கம் இல்லை. வெயில் ஏறினால் மட்டும் படம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாவதுதான் சரி. அதிர்வை விழுங்கும், அவசரப்படாது, ஓட்டுகிறவன் கையை மதிக்கும். எல்லாவற்றையும் நாற்பது பக்கம் எழுதி, கடைசிப் பக்கத்தில் என் முடிவைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு பெட்டியோடு வந்து நின்றார். நான் எழுதிய மூன்றில் எதுவுமில்லை. நான்காவது.

"மச்சான், இதுல ரெஸ்க்யூ சுவிட்ச் இருக்கு. தடுமாறினா ஒரு தட்டு, தானா நிமிந்து மேல ஏறிடும். இனிமே நானும் ஓட்டலாம்" என்றார்.

"நான் எழுதின நோட்டைப் பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

"பாத்தேன், பாத்தேன். சூப்பரா இருந்துச்சு."

என்ன சூப்பராக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். குட்டையான கால் ஒன்றுக்கு அடியில் என் நோட்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேசை ஆடவில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீங்களும் அதை அங்கிருந்துதானே எடுத்தீர்கள். ஸ்டெபிலைசர்களைப் பற்றி என் கையெழுத்தில் ஒரு நோட்டு, ஆகவே தேர்வு செய்தவன் நான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். கடைசிப் பக்கம் வரை நீங்களும் புரட்டவில்லை. இந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

அதன்பிறகு மாப்பிள்ளை ஓட்டினார். நான் பாட்டரி தூக்கினேன். படம் ஆடவில்லை, ஆனால் ஹெலிகாப்டர் வளையும்போதெல்லாம் படத்தில் ஒரு வெட்டு விழுந்தது. சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. மேலாளருக்குக் கட்டடம் நேராக இருந்தால் போதும். பெட்டி எப்படி என்று யார் கேட்டாலும், "எங்க மச்சான் பாத்துத் தேர்ந்தெடுத்தது" என்று மாப்பிள்ளை என் தோளில் கை போடுவார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தங்கையிடம் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

பெட்டியைப் பொருத்தும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது, ஏனென்றால் அவருக்கு அது தெரியாது. பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்தால் ரெஸ்க்யூவுக்கென்று தனியாக ஓர் அமைப்புப் பக்கம் வரும். அங்கே ஓர் எண் போட வேண்டும். முன்னால் கூட்டல் குறி இருந்தால், சுவிட்சைத் தட்டியதும் ஹெலிகாப்டர் நிமிர்ந்து முழு வேகத்தில் மேலே ஏறும். கழித்தல் குறி இருந்தால் நிமிர்ந்து முழு வேகத்தில் கீழே இறங்கும். மற்ற நேரத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. பறக்கவிடுவதற்கு முன் சரிபார்க்கச் சொல்லிக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை கையேட்டையும் படிக்கவில்லை.

முதல் மூன்று மாதம் கூட்டல் குறிதான் இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர்கள் இருவரும் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தபோது, அதைக் கழித்தலாக மாற்றினேன். இரண்டு விநாடி வேலை. கோபத்தில் செய்யவில்லை. ரெஸ்க்யூவை நம்பாமல் கையால் ஓட்டக் கற்றுக்கொண்டால் அந்தக் குறி அவரை ஒன்றும் செய்யப்போவதில்லை. அதை ஒரு பரீட்சையாகத்தான் வைத்தேன்.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவரை நிற்கவைத்துப் பழக்கினேன். "பயமா இருந்தா யோசிக்காதீங்க, மாப்பிள்ளை. சுவிட்சைத் தட்டிடுங்க. மத்ததை அது பாத்துக்கும்." தங்கையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொல்லிவைத்தேன்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தூரத்தில் போனால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாமல் போய்விடும் என்று பயந்து, ஹெலிகாப்டரைத் தன் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்வார். பதினைந்து மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள் என்று அதுவரை தினமும் கத்திக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போயிருந்தது.

அன்று காலை பாதி கட்டிய ஒரு குடியிருப்பை எடுக்கப் போனோம். சாரம் கட்டிய பக்கத்திலிருந்து காற்று விட்டுவிட்டு வந்தது. தங்கை வழக்கம்போல அவர் அருகில் போய் நின்றாள். நான் வண்டியிலிருந்து கூப்பிட்டேன்.

"இங்க வாம்மா, இந்த பாட்டரியைக் கொஞ்சம் பிடி."

பாட்டரியைப் பிடிக்க ஆள் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் கூப்பிட்டேன். அவள் வந்து கொஞ்ச நேரத்தில் காற்று ஓர் அடி அடித்தது. ஹெலிகாப்டர் அவர் தலைக்கு மேலே சாய்ந்தது. தங்கை என் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"தட்டுங்க. அண்ணா சொன்னாருல்ல, சுவிட்சைத் தட்டுங்க."

அவர் தட்டினார். அதன்பிறகு நடந்ததை முதல் பக்கத்திலேயே சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு அசைவையும் அந்தப் பெட்டி தனக்குள் பதிவு செய்துவைக்கும்; அந்தக் கோடுகளை உங்கள் நிபுணர் எனக்குக் காட்டினார். காற்றடித்தபின் இரண்டு விநாடியில் மாப்பிள்ளை கையாலேயே அதை நிமிர்த்திவிட்டாராம். சுவிட்சைத் தட்டும்போது அது நேராகத்தான் நின்றதாம். மனைவி கத்தியதால் தட்டியிருக்கிறாராம். நான் அதை நம்பவில்லை. மூன்று மாதத்தில் அப்படி ஒரு கை யாருக்கும் வராது. எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. மட்டமான பெட்டி, பதிவையும் மட்டமாகத்தான் செய்திருக்கும்.

குறி தலைகீழாக இருந்ததை நிபுணர் கண்டுபிடித்து, கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். கவனக்குறைவு இல்லை. ஒன்பது வருடத்தில் நான் கவனமில்லாமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்கியதில்லை. அந்தக் கழித்தல் குறியைத் தெரிந்தேதான் போட்டேன். தட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கே நிற்பார் என்றும் தெரியும். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நேற்று, "அண்ணா, நான்தானே தட்டச் சொன்னேன்" என்று கேட்டாள். "பதட்டத்துல சொல்லிட்டம்மா, விடு" என்றேன். அவளைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். உடன்பிறந்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

நீங்கள் அவளைப் போய்ப் பார்ப்பீர்கள், தெரியும். நான் சொன்னதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் அவளுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள், ஐயா. அந்தப் பெட்டியை அண்ணன் தேர்வு செய்யவில்லை.