பின்மூடி

கோமளவல்லி என்னிடம் கடைசியாகக் கேட்டது, பாண் வாங்கியாச்சா என்பதைத்தான். ஓம் என்றேன். வாங்கியிருக்கவில்லை. அவள் போனபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். காலைக் கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும். நான் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்து இளைப்பாறியவன். ஒரு கோடு தொடங்கிய தடிப்பிலேயே முடிய வேண்டும் என்பது வேலையால் வந்த பழக்கம். பிறகு நடந்தவற்றில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். மனைவி நேரத்தோடு கண்ணை மூடிவிட்டாள். கோமளவல்லி ஒரே பிள்ளை.

அவள் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனாள். மருமகனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சகத்தில் வேலை, அதிகம் கதைக்காதவன், குடிப்பதில்லை. கொட்டாஞ்சேனை தூரமும் இல்லை, ஒரே பஸ். ஆனால் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் வருவாள். அதுவும் பின்னேரம் ஆனதும் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவாள்.

இரண்டாயிரத்து எட்டில், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மருமகன் ராசாவை ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோமளவல்லி உடுப்புப் பையோடு என்னிடம் வந்தாள். பொலிஸ், மனித உரிமை ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், சிறைச்சாலை வாசல் என்று காலையில் போவாள், பொழுதுபடத் திரும்புவாள். பிறகு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றப் பெண்களோடு நிற்கத் தொடங்கினாள். அங்கே நிற்பவர்களைச் சிலர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி படமெடுப்பார்கள். எதற்காக எடுக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அவளும் ஒருநாள் திரும்பி வரமாட்டாள் என்று நான் பயந்தேன். எந்தத் தகப்பனும் பயப்படுவான்.

"விடு பிள்ளை," என்பேன்.

"எதை அப்பா விட? ஆளையோ, தேடுறதையோ?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"உங்களுக்கு ஒண்டு. எனக்கு ரெண்டு."

ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "செத்திட்டார் எண்டு ஒரு துண்டு துணி கிடைச்சாலும் காணும் அப்பா. அழுதுபோட்டுப் படுத்திடுவன்." இதை அவளாகவேதான் சொன்னாள். இதைச் சொல்லும்படி நான் தூண்டவில்லை.

என்னிடம் துணி இருக்கவில்லை. மணிக்கூடு இருந்தது.

ராசாவுக்கு இரும்பு பட்டால் தோல் சிவந்து கடிக்கும். அதனால் கலியாணத்துக்கு அவள் தேடித் தேடி ஒரு டைட்டேனியம் மணிக்கூடு வாங்கிக் கொடுத்திருந்தாள். மங்கிய சாம்பல் நிறம், பாரமே தெரியாது. பின்மூடியில் 'ஸ்ரீ' என்று சிறிதாக வெட்டுவித்திருந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே அடையாளம் காணுவாள். அது நெருப்பில் கிடந்ததுபோல் கறுக்க வேண்டும். அதுதான் எனக்கிருந்த வேலை.

முகப்பும் முள்ளும் சுலபம். கண்ணாடியைக் கழற்றி, ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்தால் சுருண்டுவிடும். உலோக உடல்தான் கஷ்டம். மெழுகுவர்த்திப் புகையில் பிடித்தேன், கறுத்தது, விரல் பட்டதும் போய்விட்டது. கோமளவல்லி கையில் எடுத்தவுடன் லேஞ்சியால் துடைத்துப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். கேஸ் அடுப்புச் சுவாலையில் நேரே பிடித்தேன். ஒரு பக்கம் வைக்கோல் நிறம், மறுபக்கம் ஊதாவும் நீலமும். எரிந்த வான் வண்டிக்குள் எடுத்த பொருளாகத் தெரியவில்லை, செட்டியார் தெருவில் வாங்கிய நகையாகத் தெரிந்தது.

காலி வீதியில் இருந்த இணையக் கடையில் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தேடினேன். டைட்டேனியம் மணிக்கூட்டை வீட்டிலேயே ஒரே சீராகக் கறுப்பாக்குவது எப்படி? உலகத்தில் நான் ஒருவன்தான் இதைக் கேட்பேன் என்று நினைத்திருந்தேன். மணிக்கூட்டில் பித்துப்பிடித்தவர்கள் கூடிக் கதைக்கும் இடமொன்று இருந்தது, அங்கே பலர் கேட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள். எதற்காக என்று ஒருவர் என்னிடம் விசாரித்தார். மினுக்கம் பிடிக்கவில்லை என்று எழுதினேன். தனக்கும் பிடிக்காது என்று பதில் போட்டார்.

அவர்கள் சொல்லித்தந்தது இதுதான். விரலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வேறு நிறமாகிவிடும். ஆகவே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தபின் கையால் தொடக்கூடாது. சூடு எல்லாப் பக்கத்தாலும் ஒன்றாக ஏறவேண்டும், அதற்கு மணலில் புதைத்துச் சூடாக்கலாம். சூட்டோடு பழைய எஞ்சின் எண்ணெயில் தோய்த்து மறுபடி புதைக்க வேண்டும். கறுப்பாகும்வரை இதையே செய்யவேண்டும். மணலைப் பற்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலிமுகத்திடலில் கச்சான் வறுக்கிறவன் செய்வதும் இதைத்தானே. மணலில் வறுப்பதால்தான் ஒரு கொட்டையும் கருகுவதில்லை.

கடற்கரையில் மணல் எடுத்து, உப்புப் போகக் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்தேன். அவள் கோட்டையில் நிற்கும் பகற்பொழுதுகளில், தடித்த இரும்புத் தாச்சியில் வேலை நடந்தது. முதல்முறை என் பெருவிரல் அடையாளம் பின்மூடியில் நீலமாகத் தெரிந்தது. அரத்தாளால் தேய்த்துவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். பின்மூடியைத் தனியே கழற்றி, உடலோடு அதே மணலில், அதே ஆழத்தில் வைத்தேன். ஒன்று கறுத்து மற்றது வெளிறிக் கிடப்பது எனக்குப் பொறுக்காது.

கீழ்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தாள். "என்ன அங்கிள், கச்சான் வறுக்கிறியளோ? மணம் மட்டும் வருது, பங்கு வரேல்லை."

"கருகிப்போச்சு பிள்ளை," என்றேன்.

"ஆம்பிளையள் குசினிக்குள்ள போனா அதுதான்," என்றுவிட்டுப் போனாள்.

மணிக்கூடு என்னிடம் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். அதைப் பலீல் கொண்டுவந்தார். கொட்டாஞ்சேனையில் சாமான் கடை வைத்திருந்தவர். ஆள்மாறிப் பிடிபட்டு, தெற்கே ஒரு முகாமில் வைக்கப்பட்டு, பிறகு விடப்பட்டவர். கோமளவல்லி வெளியே போயிருந்த நேரம் கதவைத் தட்டினார். உட்காரவில்லை.

"மருமகன் உசிரோட ஈக்கிறாரு ஐயா. நானும் அவரும் ஒரே அறை. இத மகள்ட கையில குடுக்கச் செல்லித் தந்தாரு."

"இதை எப்பிடி விட்டுவைச்சாங்கள்?"

"பாரமில்லயே, பிளாஸ்டிக்காக்கும் எண்டு உட்டுட்டானுவள். அங்க மணிக்கூடு எதுக்கு ஐயா, நேரம் நவுர்றதே இல்ல." சிரித்தார். பிறகு முகாமின் பெயரைச் சொன்னார். "மகளக் கூட்டிக்கொண்டு செஞ்சிலுவைக்குப் போங்க. இந்த எடத்தில ஈக்கிறாரு எண்டு பதிஞ்சா அவருக்குப் பாதுகாப்பு. பதிஞ்சவங்கள உடவும் செய்றானுவள். பதியாதவங்க…" தான் அடுத்த கிழமை கட்டாருக்குப் போவதாகவும், இனி இந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் சொன்னார். ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் குடித்தார்.

சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். யோசித்தேன். பேசாமல் இருந்தால் அவள் தேடிக்கொண்டேயிருப்பாள், என்றோ ஒருநாள் கண்டும் பிடிப்பாள். சொன்னால் அன்றைக்கே போய்ப் பதிவாள், அவன் வருவான், உடுப்புப் பை மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போகும். இல்லையென்றால் கடல் கடந்து போகும். அவன் சுவிசுக்குப் போகும் கதை ஏற்கெனவே இருந்தது. தேடுவதை அவளாகவே நிறுத்தினால்தான் அவளுக்கு அமைதி.

புத்தளத்துக்கு அப்பால் உப்பளங்களுக்குப் பின்னால் ஒரு வான் வண்டி எரிந்து கிடந்ததாகவும், அங்கே எடுத்ததென்று பெயர் சொல்லாத ஒருவன் தந்துவிட்டுப் போனதாகவும் சொன்னேன். லேஞ்சியால் துடைத்தாள். கறுப்புப் போகவில்லை. 'ஸ்ரீ'யை விரலால் தடவினாள். பிறகு அதை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அன்று வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள், மறுநாள் வெளியே போகவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரயில் போனது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் செய்தது சரியென்று அந்த நாட்களில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முகத்துவாரத்தில் ஐயரோடு கதைத்தேன். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம், அந்தியேட்டிச் சடங்கையும் ஆற்றங்கரையில் முடித்துவிடலாம் என்றார். நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஜன்னலோரம் மணிக்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

"அப்பா, இதின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ."

"கறுத்திருக்கு."

"ஓம். முன்பக்கம் மாதிரியே கறுத்திருக்கு. கையில கட்டியிருந்தா பின்பக்கம் தோலோட ஒட்டியெல்லோ இருந்திருக்கும்? கை மறைச்ச இடம் எப்பிடி இவ்வளவு வடிவாக் கறுக்கும்?"

"நெருப்புக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது பிள்ளை."

"நெருப்புக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்." அவள் சிரித்தாள். ராசா காணாமற்போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது அப்போதுதான். "அவர் கழட்டிப் போட்டிருக்கிறார் அப்பா. நான் கண்டுபிடிப்பன் எண்டு அடையாளத்துக்கு விட்டிட்டுத் தப்பியிருக்கிறார். உப்பளத்தில ஆராவது அவரைக் கண்டிருப்பினம்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். புத்தளத்துக்குப் போகாதே, தெற்கே போ என்று சொன்னால் போதும். அந்த ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லியும் பார்த்தேன். ஆனால் இரண்டு நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வருவாள், பிறகு அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் காலை அவனுடைய படத்தையும் லேஞ்சியில் முடிந்த மணிக்கூட்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் பசிகிடக்கக்கூடாது என்பதற்காகத்தான் பாணைப் பற்றிக் கேட்டாள்.

சிலாபத்துக்கு இந்தப் பக்கம் அவள் போன பஸ்ஸில் ஒரு மணல் லொறி மோதியது. யுத்தமில்லை, குண்டில்லை. சாரதி நித்திரையாகிவிட்டான் என்றார்கள். குடையையும் கைப்பையையும் பொலிசார் என்னிடம் தந்தார்கள். முகத்துவாரத்தில் குறித்திருந்த நாளில் அவளுடைய சாம்பலைக் கரைத்தேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ராசா வந்தான். பதிவில்லாமலே உயிரோடு இருந்திருக்கிறான். முன்பல் இரண்டு இல்லை, இடது காது கேட்காது. அவனுக்குப் போக இடமில்லை, அவளுடைய அறையைக் கொடுத்தேன். மணிக்கூட்டை எடுத்துக் காட்டியபோது, யாரோ ஒருவன் வாசலில் தந்துவிட்டுப் போனான், தரும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன். பலீலை எங்கோ மறித்து எரித்துவிட்டார்கள் என்று அவனாகவே முடிவுசெய்துகொண்டான். என்னால்தானே அந்த மனுசன் செத்தது என்று சொல்லிப் பலமுறை அழுதிருக்கிறான். ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

புறக்கோட்டையில் புதிய இயந்திரமும் முகப்பும் கண்ணாடியும் வாரும் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். "எரிஞ்ச சாமான் மாதிரியே இல்லை மாமா," என்றான். "கொம்பனியில செய்வித்த மாதிரி ஒரே சீராயிருக்கு." எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்று உட்கார்ந்தபின் அதை மறைப்பதற்கில்லை.

அவன் நல்ல பிள்ளை. என்னைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறான், பின்னேரங்களில் தேத்தண்ணி போட்டுத் தருகிறான்.

நேற்று ஒரு கலியாண வீட்டில் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பலீல் சாகவில்லை, கட்டாரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் மறுபடி கடை திறந்திருக்கிறார் என்று. காலையில் முகம் வழித்து, நல்ல சேட்டுப் போட்டு, ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்களும் வாங்கோவன் மாமா. மனுசன் உயிரோட இருக்கிறார்."

"கால் நோகுது. நீ போட்டு வா."

இப்போது அவன் பஸ்ஸால் இறங்கியிருப்பான். பலீல் பொய் சொல்லமாட்டார், ஆனால் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதியை ராசா வருவதற்குள் எழுதிவைக்க வேண்டும் என்பதால் எழுதினேன். அவன் உயிரோடு இருப்பது எனக்கு அன்றே தெரியும், தெரிந்துகொண்டுதான் கறுப்பாக்கினேன். பயம், அவளுடைய அமைதி என்று மேலே சொன்னவை பொய்யில்லை. அவள் என் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள், மறுபடி போவதை நான் விரும்பவில்லை என்பதும் பொய்யில்லை.

அதைத் தவிர என்னுடைய பிழை என்று ஒன்றைத்தான் சொல்லலாம். பின்மூடியை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதை மட்டும் கறுக்காமல் விட்டிருந்தால் அவள் இன்றைக்கும் இங்கே இருந்திருப்பாள்.

காலையில் ராசா வாரைக் கட்டும்போது கவனித்தேன். இவ்வளவு காலமாக வியர்வையிலும் உப்புக்காற்றிலும் கிடந்தும், கறுப்பு ஓரிடத்திலும் வெளுக்கவில்லை.